மறதி நோயுற்ற முதியோருக்கு இல்லம் தேடும்போது

நூல் வாங்கப் போகும் நெசவாளி சிட்டத்தைப் பிரித்துப் பாராமல் விலை பேசுவதில்லை. இழையை இழுத்துப் பார்ப்பார். சாயத்தைத் தேய்த்துப் பார்ப்பார். விதை வாங்கும் விவசாயி ஒரு பிடி விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிய பின்னரே மூட்டையை எடுப்பார். பொருளைச் சோதித்து வாங்கும் இப்பழக்கம் நமக்குப் பரம்பரைச் சொத்து. ஆயினும், பெற்ற தாயையோ தந்தையையோ பிறர் கையில் ஒப்படைக்க வேண்டிய நிலைமை நேரும்போது இப்பழக்கம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. துக்கமும் வெட்கமும் அவசரமும் ஒன்று சேர, முதலில் கண்ணில் பட்ட இடத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

முதுமை மறதி நோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா நோய்க்கு ஆளானவர்களைப் பேணும் இல்லங்கள் இன்று நம் நாட்டில் ஆங்காங்கே தோன்றியுள்ளன. இல்லத்தில் சேர்ப்பது சரியா, தவறா என்று வழக்காட இக்கட்டுரை எழுதப்படவில்லை. சேர்க்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால், எவற்றைப் பார்த்து இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

மற்ற நோயாளிகளுக்கு மருத்துவமனை தேடுவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கால் முறிந்தவர் தமக்கு நேர்ந்த குறையைத் தாமே சொல்வார். மறதி நோயுற்றவரால் அது இயலாது. காலையில் உணவு தந்தார்களா என்று மாலையில் கேட்டால் அவருக்கு நினைவிராது. இரவில் ஒருவர் அதட்டினார் என்றால், அந்த அச்சம் மட்டும் உள்ளத்தில் தங்கும். அதட்டியவர் யார், எதற்கு அதட்டினார் என்பவை மறைந்துபோகும். ஆகவே அவருக்காகப் பார்க்க வேண்டிய கண்ணும் பேச வேண்டிய நாவும் உறவினருடையவை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், மேலே சொல்லப் போகும் யாவும் எளிதில் விளங்கும்.

நோயின் தன்மை

ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், தாம் கவனித்து வந்த ஒரு பெண்மணியின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1906-ஆம் ஆண்டில் மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1910-இல் கிரெப்பெலின் என்ற பேராசிரியர் தமது நூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வரும் மறதி நோயும், வேறு சில வகைகளும் உண்டு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமையின் இயல்பு. சாவி எதற்கு என்பதையே மறப்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், பெற்ற பிள்ளையை அயலாராக எண்ணுவதும் நோயின் குறிகள்.

இது பட்டணத்துப் பணக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7.4 பேர் வீதம், ஏறத்தாழ 88 லட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமும், நகரங்களைக் காட்டிலும் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கூறிற்று. ஆகவே நம் சங்கங்களின் அங்கத்தினர் குடும்பங்களுக்கு இது தொலைவில் உள்ள செய்தி அன்று.

இல்லம் தேடப் புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நோய் இன்னதுதான் என்று தக்க மருத்துவரைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்பியின் குறை, பி 12 வைட்டமின் குறை, ஆழ்ந்த மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் கசிந்து தேங்கிய இரத்தம் ஆகியவையும் மறதி நோய்போலவே தோற்றம் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்று வரை ஒருவாறு இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால், சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் காய்ச்சலோ, உடலில் நீர் வற்றியதோ, புதிதாகக் கொடுத்த மருந்தோ காரணமாக இருக்கலாம். அப்போது நாட வேண்டியது மருத்துவமனையை, இல்லத்தை அன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு உண்டு. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமும் முதலில் காட்டலாம்.

வீட்டில் வைத்துக் காக்க இயலாத நிலை

நம் வீடுகள் தொழிலும் குடித்தனமும் ஒன்றாய் நடக்கும் இடங்கள். குழித்தறி இருக்கும் கூடத்தில் இரவில் எழுந்து நடக்கும் முதியவர் தறிக் குழியில் விழக்கூடும். கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறு, மூடாத பம்பு செட்டு, தாழ்வாரத்தில் வைத்த பூச்சி மருந்து, சாயப் பட்டறையின் கொதிக்கும் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்தே. பகல் முழுதும் உறங்கி இரவு முழுதும் விழித்திருக்கும் பெரியவரைக் காக்கும் பொறுப்பு, பெரும்பாலும் அவருடைய மனைவிக்கோ மருமகளுக்கோ வந்து சேர்கிறது. அவரே தார் சுற்ற வேண்டும். களை பறிக்கப் போக வேண்டும். அடுப்பையும் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் காப்பவரும் நோயாளியாகிவிடுவதைக் காண்கிறோம்.

இந்நிலையில் ஒரு குடும்பம் வெளியுதவியை நாடுவதைப் பழிப்பது முறையன்று. 'ஊர் என்ன சொல்லும்' என்ற கேள்விக்கு அஞ்சி, முதியவரை அறையில் பூட்டி வைப்பதும், காலில் கயிறு கட்டுவதும் நடக்கின்றன. ஊரார் பழிக்க வேண்டுமாயின் அதைத்தான் பழிக்க வேண்டும்.

எனினும் வீட்டுக்கும் இல்லத்துக்கும் இடையே வேறு வழிகளும் உண்டு. பகலில் மட்டும் முதியோரை ஏற்று மாலையில் அனுப்பும் பகல் நேரக் காப்பகங்கள் சில நகரங்களில் உள்ளன. 1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் தொடங்கிய இந்திய அல்ஸைமர் சங்கம், பல மாநிலங்களில் கிளைகளை நிறுவிக் குடும்பங்களுக்கு யோசனை கூறி வருகிறது. சென்னையில் 1984-இல் நிறுவப்பட்ட ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி நிலையமும் மறதி நோய்க்கான சேவைகளை நடத்துகிறது. இவ்வழிகளை ஆராய்ந்த பின்னும் இல்லமே கதி என்றால், தயக்கமின்றித் தேடத் தொடங்கலாம்.

இல்லங்களில் பல வகை

நம் ஊர்களில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருள். அங்கே சில நாட்கள் படுத்துச் சிகிச்சை பெறலாம். ஆண்டுக்கணக்கில் வாழ இயலாது. 'முதியோர் இல்லம்' என்ற பலகை மாட்டிய இடங்கள் பல, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் முதியவர்களையே ஏற்கும். மறதி நோயை மறைத்துச் சேர்த்தால், சில வாரங்களில் 'அழைத்துச் செல்லுங்கள்' என்ற செய்தி வரும். ஆகவே நோயை முதலிலேயே ஒளிவின்றிச் சொல்லி, 'இத்தகையவர்கள் இப்போது இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தாலும் வைத்திருப்பீர்களா?' என்று கேட்க வேண்டும். பின்கேள்விக்கு விடை 'இல்லை' என்றால், முதியவர் மிகவும் நலிந்திருக்கும் காலத்தில் மறுபடியும் இடம் மாற்ற நேரும்.

அடுத்துக் கேட்க வேண்டியது பதிவுச் சான்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலில் ஏற்படும் கடுமையான சீர்கேட்டையும் மனநோய் என்ற வரையறையில் சேர்த்திருக்கிறது. அத்தகையோரைத் தங்க வைத்துப் பேணும் நிலையங்கள் உரிய அதிகாரத்திடம் பதிவு பெற வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. சான்றிதழைப் பார்க்கக் கேட்பது அவமதிப்பாகாது. நல்ல நிர்வாகிகள் அதைக் கண்ணில் படும்படி மாட்டியே வைத்திருப்பார்கள். 'பிறகு காட்டுகிறோம்' என்ற பதில் வந்தால், அதையும் ஒரு விடையாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போய்ப் பார்ப்பது

ஒரே தடவை போய் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது போதாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால், கூட்டிப் பெருக்கிய முற்றத்தையும் புதுத் துணி விரித்த கட்டிலையும்தான் காண்போம். முதல் தடவை சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாம் தடவை சொல்லாமல் போக வேண்டும். ஒரு தடவையேனும் சாப்பாட்டு வேளையிலும், ஒரு தடவையேனும் அந்தி நேரத்திலும் இருக்குமாறு அமைத்துக்கொள்வது நலம். மறதி நோயுற்றோரில் பலருக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் மனக் கலக்கம் மிகும். 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று கதவண்டை நிற்பார்கள்; அழுவார்கள்; சினப்பார்கள். அந்த நேரத்தில் பணியாளர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே இல்லத்தின் தரம் பாதி விளங்கிவிடும். கையைப் பற்றிச் சிறிது தூரம் உடன் நடந்து, பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாரா? 'போய் உட்கார்' என்று அதட்டுகிறாரா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கு சொல்வதைக் கேட்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் சிறுநீர் நாற்றம் இருப்பது, ஒருவருக்கு அப்போது துணி மாற்ற நேர்ந்ததைக் காட்டலாம். கட்டிடம் முழுதும் அது படிந்திருந்தால், துணி மாற்ற ஆள் போதவில்லை என்று பொருள். பினாயில் நெடி தலையைக் கிறக்கும்படி இருந்தால், எதை மறைக்க இவ்வளவு தெளித்தார்கள் என்று ஐயுறலாம். பிறகு அங்குள்ள முதியோரைப் பார்க்க வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா, கண்ணாடி அணிபவர் கண்ணாடி அணிந்திருக்கிறாரா, பல்செட்டு வாயில் இருக்கிறதா, தலைமாட்டில் அலமாரியில் கிடக்கிறதா என்பவை சிறு காரியங்கள்போல் தோன்றும். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஐந்து நிமிஷம் ஒதுக்க அங்கே ஒருவர் இருக்கிறாரா என்பதை இவையே காட்டும்.

உணவும் நீரும்

நோய் முற்றும்போது பசியைச் சொல்லத் தெரியாது, தாகம் தெரியாது, சிலருக்கு மெல்லவும் விழுங்கவும் மறந்துபோகும். தட்டை எதிரில் வைத்துவிட்டு, அரைமணி கழித்து அப்படியே எடுத்துச் செல்லும் இடத்தில் நம்மவர் பட்டினி கிடப்பார். கணக்குப் புத்தகத்தில் மட்டும் சாப்பிட்டவராவார். ஊட்டிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர், ஊட்டுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். ஊட்டுபவர் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்த வாய் கொடுக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். அவசரமாய் ஊட்டினால் உணவு மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரல் காய்ச்சலுக்கு வழி செய்யும். மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கிறார்களா என்று கேட்டு, அந்தக் குறிப்பேட்டைப் பார்ப்பதும் அவசியம். எடை குறைந்து வருவதே முதல் எச்சரிக்கை.

பணி செய்யும் கைகள்

கட்டிடத்தின் அழகு முதியவரைக் குளிப்பாட்டாது. தரை பளபளக்கும் சலவைக்கல்லாக இருப்பது பார்வைக்கு நன்று. ஈரம் பட்டால் வழுக்கும். ஓடு வேய்ந்த எளிய கட்டிடத்தில் நல்ல பணிவிடை நடப்பதும் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய முதன்மையான கேள்விகள் ஆட்களைப் பற்றியவை. பகலில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? 'இரவுக்கு ஆள் உண்டு' என்றால் போதாது. அவர் உறங்குபவரா, விழித்திருப்பவரா என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் எந்நேரமும் இருப்பாரா? மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார்? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் எடுத்துச் செல்வார்கள்?

பணியாளரிடமும் தனியே இரண்டு வார்த்தை பேசலாம். 'இங்கே எவ்வளவு காலமாய் இருக்கிறீர்கள்?' என்ற கேள்வி எளியது. அதன் விடை விலைமதிப்பற்றது. மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் இடத்தில், பழகிய முகம் என்று முதியவருக்கு ஒன்றும் இராது. அங்குள்ள மூவர் பெயரைச் சொல்லி, அவர்களுடைய வழக்கம் என்ன என்று பணியாளரைக் கேட்டால், 'அந்த அம்மாவுக்குக் காபி சூடு ஆறக் கூடாது; அந்த ஐயா குளிக்கும்போது தண்ணீரை முதலில் காலில் ஊற்ற வேண்டும்' என்று சொல்லத் தெரிகிறதா என்று பார்க்கலாம். பெண்களைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் பெண்களே இருக்கிறார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இங்கிலாந்தின் பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், 1997-இல் வெளியிட்ட தமது நூலில், நோயைப் பார்க்குமுன் மனிதரைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். குழந்தையைப்போல் நடத்துதல், ஏமாற்றுதல், அவசரப்படுத்துதல், எதிரில் இருப்பவரை இல்லாதவர்போல் கருதி மற்றவருடன் பேசுதல் முதலியவை கெட்ட எண்ணமின்றியே நிகழ்ந்து முதியவரை மேலும் குலைக்கின்றன என்று அவர் விளக்கினார். நாம் அரைமணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து இவை எத்தனை முறை நடக்கின்றன என்று எண்ணினாலே போதும். பணியாளர் முதியவரை 'ஐயா', 'அம்மா' என்று மரியாதையாய் அழைக்கிறாரா, 'ஏய்' என்கிறாரா என்பது காதில் விழாமல் போகாது.

மருந்தும் கட்டும்

எல்லாரும் அசையாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கும் கூடத்தை 'எவ்வளவு அமைதி!' என்று வியக்கக் கூடாது. பட்டப்பகலில் அனைவரும் உறங்கினால், மருந்து உறக்குகிறதோ என்று கேட்க வேண்டும். மறதி நோயுற்றோரின் கலக்கத்தை அடக்க, மனநோய்க்கான சில வலிய மருந்துகளைக் கொடுப்பதுண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவற்றுள் புதிய வகைகளைப் பற்றி 2005-இலும், பழைய வகைகளைப் பற்றி 2008-இலும், மறதி நோயுற்ற முதியோருக்கு இவை மரண அபாயத்தை மிகுவிக்கின்றன என்று எச்சரித்தது. பிரிட்டனில் 2009-இல் அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்று, இம்மருந்துகளைப் பெறும் மறதி நோயாளிகள் ஏறத்தாழ 1,80,000 பேரில் 36,000 பேர் வரையே பயன் அடையக்கூடும் என்று மதிப்பிட்டது. சிலருக்கு இம்மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். எந்த மருந்து, யார் எழுதியது, எதற்காக, எப்போது மறுபடி பரிசீலிப்பார்கள் என்பவற்றைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டே கொடுப்போம் என்று இல்லத்தார் உறுதி கூற வேண்டும்.

கட்டிப் போடும் வழக்கம் உண்டா என்பதையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அறவே தடை செய்துள்ளது. நடமாடும் முதியவரை அடைத்து வைக்காமல் காக்க, சுற்றுச்சுவருக்குள் நடக்க ஒரு பாதை, நிழல், ஆங்காங்கே உட்காரத் திண்ணை, பணியாளர் கண் படும்படியான வாயில் ஆகியவை வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் அணையாத சிறு விளக்கு, கழிப்பறைக் கதவில் படம், தீப்பிடித்தால் வெளியேற மற்றொரு வழி ஆகியவற்றையும் நேரில் பார்த்துவிடுவது நலம்.

பொழுது கழியும் விதம்

நோய் பெயர்களை அழிக்கிறது. நேற்றைய நிகழ்ச்சியை அழிக்கிறது. ஆயினும் கை பழகிய தொழில் நெடுங்காலம் நிலைத்திருப்பதுண்டு. ஐம்பதாண்டு தறியில் அமர்ந்தவரிடம் அறுந்த இழையைக் கொடுத்தால், மகன் பெயர் நினைவில்லாத நிலையிலும் விரல்கள் முடிச்சுப் போடக்கூடும். வயலில் உழைத்தவர் மொச்சையைத் தோலுரிப்பார். பூந்தொட்டிக்கு நீர் வார்ப்பார். கோலம் போட்டு வந்தவர் புள்ளி வைப்பார். இத்தகைய வேலைக்கு இல்லத்தில் இடம் உண்டா? தொலைக்காட்சிப் பெட்டியை ஓடவிட்டு அனைவரையும் அதன் எதிரில் உட்கார வைப்பதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்லிவிடுகிறார்களா? நூற்கண்டும் இராட்டையும் நாம் கொண்டு வந்து கொடுத்தால் ஏற்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். 'அவர் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று நாம் சொல்லுமுன்னே கேட்கும் இல்லம், நம்பத் தக்க இல்லம்.

பணமும் பத்திரமும்

மாதக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது பாதிக் கணக்கு. முன்பணம் எவ்வளவு, அது திரும்பக் கிடைக்குமா. மருந்து, அணையாடை, மருத்துவர் வருகை, சலவை ஆகியவை கட்டணத்தில் அடங்குமா. நோய் முற்றினால் கட்டணம் கூடுமா. ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்துவார்கள். இடையில் அழைத்துச் சென்றாலும், முதியவர் காலமானாலும் மீதிப் பணம் என்னவாகும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சைக்கே உரியது. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு அதை நம்பியிருக்க இயலாது. இந்நோய் பல ஆண்டுகள் நீடிக்கும். முதல் ஆண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் திகைப்பதைவிட, ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, உடன்பிறந்தோர் பங்கையும் பேசி முடித்த பின் சேர்ப்பதே விவேகம்.

சொத்து விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நோயுற்றவர் 'பவர்' எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைக் கொண்டு எல்லாம் நடத்தலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அதிகாரம் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிவுறும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதி. ஆகவே நோயின் தொடக்கத்திலேயே, அவர் தெளிவாக இருக்கும்போது, உயில், வங்கிக் கணக்கு முதலியவற்றை வக்கீல் யோசனையுடன் ஒழுங்கு செய்துவிட வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையுடன் முதியவர் எழுதிக் கொடுத்த சொத்து, அந்நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் மூலம் ரத்துச் செய்யப்படலாம். முதியவரைக் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

அருகில் உள்ளதா, சிறந்ததா

தொலைவில் உள்ள பெருநகரத்தில் பெயர்பெற்ற இல்லம் ஒன்றும், இருபது மைலில் எளிய இல்லம் ஒன்றும் இருந்தால் எதைத் தேர்வது என்ற கேள்வி எழும். மேலே சொன்ன அடிப்படைக் காரியங்களில் எளிய இல்லம் தேறுமானால், அருகில் உள்ளதையே நாம் சிபாரிசு செய்வோம். வாரம் இரு முறை சொல்லாமல் வந்து நிற்கும் உறவினரே முதியவருக்கு வாய்த்த தலைசிறந்த காவல். தொலைவில் உள்ள இல்லத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போவோம். அங்கே என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் அடிப்படையில் தேறாத இல்லத்தை, அருகில் இருக்கிறது என்பதற்காகவோ, கட்டணம் குறைவு என்பதற்காகவோ ஏற்பது பேராபத்து.

சேர்க்கும் நாளில், ஒரு தாளில் முதியவரின் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பெயர், வீட்டார் அழைக்கும் பெயர், செய்த தொழில், பிள்ளைகள் பெயர், விரும்பும் உணவு, அஞ்சும் பொருள், உறங்கும் நேரம், கேட்டு மகிழும் பாட்டு ஆகிய யாவும் அதில் இருக்கட்டும். அவர் பழகிய போர்வையையும், பழைய படங்களையும் உடன் வைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் கடினமானவை. 'என்னை அழைத்துப் போ' என்று அவர் கையைப் பற்றுவார். அதைக் கண்டு போகாமல் இருந்துவிடுவது அவருக்கும் நமக்கும் நன்மை தராது.

ஒவ்வொரு முறை போகும்போதும் உடம்பில் புதுக் காயம், படுக்கைப் புண், எடைக் குறைவு, காரணமற்ற அச்சம் ஆகியவை தென்படுகின்றனவா என்று பார்த்து, தேதியிட்டுக் குறித்து வைக்க வேண்டும். குறை கண்டால் முதலில் நிர்வாகியிடம் அமைதியாய்ச் சொல்லலாம். திருந்தாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவித் தொலைபேசி எண் 14567 என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

தனியே இல்லம் தேடிப் போகும் குடும்பத்தாருக்கு, துக்கத்தில் பாதி கண்ணில் படாது; பாதி கேட்கத் தோன்றாது. ஆகவே நம் அங்கத்தினர்களில் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால், நிதானமுள்ள மற்றோர் அங்கத்தினர் உடன் செல்வது பெரிய உபகாரம். முன்பே ஓர் இல்லத்தை அறிந்தவர்கள், தாம் கண்ட நிறை குறைகளை மறையாமல் மற்றவர்க்குச் சொல்லட்டும். இந்நோய் வீட்டுக்குள் மறைத்து வைக்கப்படும் வரை, ஒவ்வொரு குடும்பமும் முதலிலிருந்தே தட்டித் தடவித்தான் வழி தேட வேண்டியிருக்கும். தமக்காகப் பேச இயலாத முதியவர்களுக்காக நாம் பேசுவதும், கேட்பதும், சொல்லாமல் போய்ப் பார்த்து வருவதும் அவர்கள் நமக்குச் செய்ததில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவதாகும்.